அளவுக்கு ஒரு மோடம்

எந்தத் துணி கையில் கிடைத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவேன். கார்மெண்ட் ஃபேக்டரியில், சாம்பிள் செக்ஷனில் நெடுங்காலம் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரி உடையைத் திருப்பிப் பார்த்து, எந்த இடத்தில் என்ன தையல் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதே போல ஒன்று தைத்துக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலி அம்மாளின் முந்தானைக் குஞ்சத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்து, என் வீட்டுக்காரரிடம் முழங்கையால் இடி வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், எங்கள் வீட்டு டிவிக்கு மேலே பலகையில் உட்கார்ந்திருந்த மோடத்தை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கும் நாலு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. கேபிள்காரர் கம்பத்திலிருந்து இழுத்த தடித்த கறுப்பு வயர் மற்ற மூன்று வீட்டு மொட்டைமாடியையும் தாண்டி வந்து, எங்கள் ஜன்னல் ஓரத்தில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறது. அந்த வயரின் முனையில்தான் மோடம். வயரில் வருவதை வாங்கி வீட்டுக்குள் இன்டர்நெட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி என்கிற அளவுக்குத் தெரியும். இணைப்புக் கொடுத்த அன்றைக்குக் கேபிள்காரரே கொண்டுவந்து வைத்தார், அதோடு சரி. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று தையல் மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, மிக்சி, என் வீட்டுக்காரரின் பைக் என்று பொட்டு வைத்துக்கொண்டே வரும்போது அதற்கும் ஒன்று வைப்பேன். பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே வைத்து வைத்து, பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து ஏடாகப் படிந்திருந்தது.

ஃபேக்டரி தும்கூர் பக்கம் போய்விட்டது. கூடவே போனவர்கள் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு இறங்குகிறார்கள். நான் போகவில்லை. முதுகு ஒத்துழைக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் மனசுதான் ஒத்துழைக்கவில்லை. வீட்டிலேயே பிளவுஸ் தைக்க ஆரம்பித்தேன். ஆனால் பெங்களூரில் தெருவுக்கு நாலு பேர் பிளவுஸ் தைக்கிறார்கள், அதை மட்டும் நம்பி வீடு ஓடாது. சூப்பர்வைசர் அம்மா அவ்வப்போது போன் செய்து, "ஒங்க இடம் அப்பிடியேதான் இருக்கு, எப்ப வர்றீங்க?" என்று கேட்பார். நான் இழுத்தடித்துக்கொண்டே இருந்தேன். போன மழைக்காலத்தில் ஒருநாள், "இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க, அப்புறம் வேற ஆள் போட்ருவேன்" என்று முடித்துவிட்டார்.

அந்த மாசத்தில்தான் இன்னொரு வழி திறந்தது. என்னோடு ஃபேக்டரியில் இருந்து, கல்யாணமாகி மஸ்கட் போன ஒரு பெண், நான் பிளவுஸ் வெட்டுவதைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் சொல்லிச் சொல்லி புனே, கோயம்புத்தூர், தாராவி என்று அங்கங்கே இருக்கிற பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரலையில் ஒரு வகுப்பு இலவசமாக எடுக்க வேண்டும், அது பிடித்திருந்தால் எல்லோரும் முழுப் பயிற்சிக்கும் சேருவார்கள் என்று பேச்சு. வகுப்பு அமைந்தால் நான் வீட்டில், அமையாவிட்டால் கம்பெனி பஸ்ஸில். அவ்வளவுதான் என் நிலைமை.

வெட்டும் மேசைக்கு மேலே ஒரு கம்பு கட்டி, போனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கருநீலத் துணியை விரித்து, கோடு போடும் வெள்ளைச் சாக்பீஸைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டேன். தோள் அளவு வரை நன்றாகத்தான் போனது. பிளவுஸின் உயிர் கைக்குழியில் இருக்கிறது. கை நுழையும் அந்த வளைவு அரை விரல் தப்பினால் அக்குளில் பிடிக்கும், இல்லாவிட்டால் தொளதொளக்கும். அந்த வளைவை நான் இழுக்க ஆரம்பித்ததும் போனிலிருந்து குரல்கள் வந்தன. "அக்கா, படம் நின்னுடுச்சு." "அக்கா, கை தெரியுது, கோடு தெரியல." "எல்லாம் கட்டம் கட்டமா இருக்குக்கா." மறுபடி வரைந்தேன். மறுபடி நின்றது. நான் மூன்றாவது தடவை வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். மஸ்கட் பெண் மட்டும் பிறகு கூப்பிட்டு, "அவங்க கைல கால்ல விழுந்து இன்னொரு சண்டே வாங்கிருக்கேன்க்கா. அதுக்குள்ள நெட்ட சரி பண்ணுங்க. அன்னைக்கும் இப்பிடி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள்.

அன்று மதியம் மொபைல் டேட்டாவில் முயன்று பார்த்தேன், எங்கள் காம்பவுண்டுக்குள் போனில் பேசலாம், நெட் மட்டும் கேட்டோடு நின்றுவிடும். ஃபைபர்காரர்கள் இந்தச் சந்துக்குள் இன்னும் வயர் இழுக்கவில்லை. கேபிள்காரரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

கேபிள்காரர் எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றால் மறுநாள் வருவார், ஆனால் வந்துவிடுவார். வந்து, தன் போனில் வேகம் பார்க்கும் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் முள் ஏறி இறங்கியது.

"டவுன்லோடு வருதேக்கா. சினிமா பாக்கலாம், எல்லாம் பண்லாம். இன்னா குறைச்சல்?"

"பக்கத்துல அப்லோடுன்னு ஒண்ணு போட்ருக்கே, அது எதுக்கு?"

"நீங்க பாக்கறது டவுன்லோடு. நீங்க காட்டறது அப்லோடு."

"நான் காட்டறதுதானே இப்ப வேணும். அது ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொதுவா யாரும் அத கேக்க மாட்டாங்கக்கா. வீட்ல எல்லாரும் பாக்கறவங்கதானே."

எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் போன்ற வீடுகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், இங்கிருந்து வெளியே அனுப்ப என்ன இருக்கப்போகிறது என்று எங்கோ ஒருவர் கணக்குப் போட்டு, வரும் வழியை அகலமாகவும் போகும் வழியைச் சந்தாகவும் வைத்திருக்கிறார். ஆனால் கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். ஒரே வயரில் வருவதும் போவதும் எப்படி முட்டிக்கொள்ளாமல் நடக்கிறது? அதையும் கேட்டேன். "அதெல்லாம் இன்ஜினியருக்குத்தான்க்கா தெரியும்" என்று அவர் மோடத்தைக் கையில் எடுத்தார்.

"போன வருசம் பெரிய பிளானுக்கு மாத்துனீங்கல்ல, அதுல அப்லோடும் ஜாஸ்திதான். இந்தப் பெட்டி பழசாயிடுச்சு, அதான் தாங்கல. ஆபீஸ்ல இப்ப ஸ்டாக் இல்ல. நீங்களே ஒண்ணு வாங்கிடுங்க, நம்பர ஆபீஸ்ல சேத்து குடுத்துடறேன்."

"என்ன பெட்டி வாங்கணும்?"

"கேபிள் மோடம்னு கேளுங்க, குடுப்பாங்க."

ஒரு தையல்காரியிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொண்டுவருவார்கள். அளவு பிளவுஸ் என்று பெயர். டேப்பை எடுக்க வேண்டாம், பேச வேண்டாம், இதே மாதிரி என்றால் போதும். நானும் பழைய மோடத்தை வயரிலிருந்து திருகிக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றி, துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊசி மழுங்கினால் அதே நம்பர் ஊசி வாங்குவதில்லையா? பழசாகிவிட்டது என்றால் அதே மாதிரி புதுசு வாங்கினால் தீர்ந்தது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து பஸ்ஸில் எனக்கே பெருமை பிடிபடவில்லை.

எஸ்.பி. ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயரும் பெட்டியும்தான். மனுஷர்கள் அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மோடம் விற்கிற கடை ஒன்றில் ஏறியதும் எனக்கு வந்த காரியமே மறந்துவிட்டது. எத்தனை வகை வாய்கள். டெலிபோன் வயர் செருகுகிற சின்னச் சதுர வாய் உள்ள பெட்டி ஒன்று, கண்ணாடி இழை நுழைகிற நுண்ணிய வாய் உள்ளது ஒன்று, எங்கள் வீட்டுத் தடித்த வயரைத் திருகி முடுக்குகிற மரை வாய் உள்ளது ஒன்று. இது தெரியாமல் வெறும் மோடம் என்று கேட்டிருந்தால் எதையாவது தலையில் கட்டியிருப்பார்கள். என் பழைய பெட்டியின் வாயைக் காட்டினேன். கடைக்காரர் உடனே மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மரை வாய்ப் பெட்டிகளை மட்டும் எடுத்து வைத்தார். பார்த்தீர்களா, அளவு என்பது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கன்னடத்தில் பேசினார், நானும் கன்னடத்தில்தான் பேசினேன். "எந்த பிளான்மா?" என்று கேட்டபடி ஒரு கறுப்புப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"பிளான் எதுக்குங்க? இதே மாதிரி குடுங்க."

"இது பழைய மாடல்மா. இத பாருங்க."

"அளவு இதுதான். இதேதான் வேணும்."

பிளவுஸ் கொடுக்க வருகிறவர்களிடம் நான் பேசுகிற தோரணை அப்படியே என் வாயில் வந்துவிட்டது. அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. என் பெட்டியின் நெற்றியிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, அடியிலிருந்த மாடல் பெயரைப் படித்து, பரணில் ஏறித் தேடி, அதே மாதிரி ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நீளம், அதே வாய், அதே விளக்குகள். நெற்றியில் சந்தனம் மட்டும் இல்லை. இத்தனை நாள் ஃபேக்டரியில் மாதிரி பார்த்துத் தைத்த எனக்கு அந்தப் பொருத்தத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கேபிள்காரர் வந்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த நம்பரை ஆபீஸுக்குப் படித்துச் சொன்னார். அந்த நம்பர் ஆபீஸில் ஏறினால்தான் வயருக்கு அந்தப் பெட்டியை அடையாளம் தெரியுமாம். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கரன்ட் விளக்கு வந்தது. பிறகு வருவதற்கான, கீழே பார்க்கும் அம்புக்குறி கண் சிமிட்டி, நிலைத்து எரிந்தது. போவதற்கான, மேலே பார்க்கும் அம்புக்குறிதான் வெகுநேரம் சிமிட்டியது. இத்தனை வருஷம் அந்த விளக்குகள் என் தலைக்கு மேலே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன, நான்தான் பார்க்கவில்லை. கடைசி விளக்கும் எரிந்ததும் கேபிள்காரர் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பீன்யாவிலிருந்து வந்தார். அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவரைப் போனோடு கேட்டுக்கு வெளியே அனுப்பி, மொபைல் டேட்டா கிடைக்கிற இடத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். உள்ளே துணியை விரித்துக் கைக்குழி வரைந்தேன்.

"தெரியுதா?"

"கை தெரியுது."

"கோடு?"

"கோடு தெரியல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கேபிள்காரரைப் போனில் கூப்பிட்டு, அவர் வயரை, கம்பத்தை, ஆபீஸை, ஒன்றையும் விட்டுவைக்காமல் பேசினேன். அவர் பாவம், "ஆய்த்துக்கா, சரிக்கா, பாக்கறேன்க்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரர், "ஃபேக்டரிக்குத் திரும்பப் போறதுல இன்னா கேவலம்? நான் தினமும் போவல?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு அழுகை முட்டியது. கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நான் இன்னொருவர் மாதிரியைப் பார்த்துத் தைத்தேன். வகுப்பில் நான் வரைவதைப் பார்த்து இன்னொருவர் தைப்பார். அந்த வித்தியாசம் எனக்கு வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்ல வராமல், சட்னி அரைக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் நீலசந்திராவிலிருந்து ஒரு பெண் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தாள். இடுப்பில் ஆறேழு மாசக் குழந்தை. துணிக்குள்ளிருந்து அளவு பிளவுஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதையும் அவளையும் பார்த்தேன்.

"இது எப்பத் தெச்சது?"

"கல்யாணத்துக்குக்கா. சூப்பரா செட் ஆச்சு."

"கண்ணு, ஒடம்பு மாறிடுச்சு. பழைய பிளவுஸ அளவுக்குக் குடுத்தா பழைய ஒடம்புக்குத்தான் தெச்சுத் தருவேன். ஒன்ன அளக்கணும், அத இல்ல" என்று சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

பலகைமேல் என் புது மோடம் பளபளவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் பிளான் மாறியது. பெட்டி மாறவில்லை. சின்ன பிளானுக்காகக் கொடுத்த பெட்டியை அளவுக்கு எடுத்துக்கொண்டு போய், அதே சின்ன அளவில் இன்னொன்று வாங்கி வந்திருக்கிறேன். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பாடத்தை எனக்கே சொல்லிக்கொள்ள மறந்திருக்கிறேன். கடைக்காரர் பிளான் என்ன என்று கேட்டது உடம்பு அளவு கேட்டது. நான் அவர் வாயை அடைத்துவிட்டேன். அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, கையத் தூக்கு" என்று அவளுக்கு அளவெடுத்து அனுப்பினேன்.

அவள் போனதும் புது மோடத்தைத் திருப்பினேன். எந்தத் துணிக்கும் முதலில் செய்கிற வேலையை இதற்குக் கடைசியாகச் செய்தேன். அடியில் பொடிப்பொடியாக என்னென்னவோ அச்சடித்திருந்தது. அதில் ஒரு முகவரி இருந்தது, புள்ளி வைத்த எண்களாக. அதைப் போனில் தட்டினால் மோடம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஒரு பக்கம் திறந்தது. அதற்குள் எனக்குப் புரியாததுதான் அதிகம். ஆனால் புரியாத பேட்டர்ன் காகிதங்களை வருஷக்கணக்கில் படித்துத்தானே வேலை செய்தேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போனிலேயே தேடினேன். குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்ததுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கு விளங்கியது இது. அந்தத் தடித்த வயருக்குள் ஒரே வழி இல்லை, பல பாதைகள் இருக்கின்றன. வருவதற்குத் தனியாகச் சில, போவதற்குத் தனியாகச் சில. அதனால்தான் முட்டிக்கொள்வதில்லை. எத்தனை பாதைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும் என்பது மோடத்தைப் பொறுத்தது. என் பெட்டி பழைய வகை, வருவதற்கு ஒரு பாதை, போவதற்கு ஒரு பாதை. அந்த ஒரே பாதையில்தான் தெருவில் மிச்சமிருக்கிற பழைய பெட்டிகளும் வரிசை கட்டி நின்றன. பெரிய பிளான் வாங்கியும் நான் வீட்டுக்குள் ஒரு பாதைக்கு மேல் திறக்கவே இல்லை. இந்த மோடங்களுக்கு டாக்சிஸ் என்றொரு பொது விதி இருக்கிறது, அதில் மூன்றாம் பதிப்பிலிருந்துதான் பல பாதைகளைச் சேர்த்துப் பிடிக்கிற வித்தை வந்தது. பெட்டிகளின் மேலே எட்டுக்கு நாலு, பதினாறுக்கு நாலு என்று அச்சிட்டிருந்தது இந்தக் கணக்குத்தான். கடையில் அதைப் பார்த்து, நீள அகலம் போல என்று நினைத்திருந்தேன்.

கேபிள்காரருக்குப் போன் செய்தேன். முந்தின நாள் திட்டியதற்கு முதலில் ஒரு மன்னிப்பு. பிறகு டேப்பை எடுத்தேன்.

"என் பிளான்ல அப்லோடு எவ்ளோ? ஒங்க ஆபீஸ் மெஷின் எந்த டாக்சிஸ்ல ஓடுது? போற பாதை எத்தன குடுக்கறீங்க? வேற கம்பெனிக்குப் பூட்டுப் போட்ட மோடத்த நீங்க சேப்பீங்களா, மாட்டீங்களா?"

"அக்கா, நெஜமாவே இதெல்லாம் யாரும் கேட்டதில்ல. கேட்டுச் சொல்றேன்" என்றார். ஆச்சரியமாக அன்றைக்கே சொன்னார். மூன்றாம் பதிப்பு வேண்டும், எட்டுக்கு நாலு இருந்தால் என் பிளானுக்குத் தாராளம், அதற்கு மேல் வாங்குவது வீண், பூட்டுப் போட்டது ஆகாது, வாங்குவதற்கு முன் மாடல் பெயரைச் சொன்னால் ஆபீஸில் ஒத்துவருமா என்று பார்த்துவிடுவார்கள். ஒரு உடம்புக்கு வேண்டிய அளவெல்லாம் வந்துவிட்டது. பெரிதாக எடுத்தாலும் தொளதொளக்கும் என்பது வரைக்கும்.

இந்தத் தடவை எஸ்.பி. ரோட்டுக்கு அளவுப் பெட்டி இல்லாமல் போனேன். வாங்கிய மோடத்தை மட்டும் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் நான் சொன்ன அளவுகளைக் கேட்டுவிட்டு, அன்றைக்குத் தள்ளிய அதே கறுப்புப் பெட்டியை மறுபடி தள்ளினார்.

"அன்னைக்கே இதத்தானேம்மா காட்டினேன்."

"ஆமாங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். நான் அங்கேயே நின்று மாடல் பெயரையும் அடியிலிருந்த நம்பரையும் கேபிள்காரருக்குச் சொல்லி, ஆபீஸ் சரி என்ற பிறகுதான் படி இறங்கினேன். வீட்டில் அதை மாட்டியதும் மேலே பார்க்கும் அம்புக்குறி சீக்கிரமே நின்று எரிந்தது. மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், போகிற பாதை நாலும் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "தெரியுது. சாக்பீஸ் பொடி உதிர்றதுகூட தெரியுது" என்றார். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு ஆள் பார்ப்பதும் பத்துப் பேர் பார்ப்பதும் ஒன்றா? சூப்பர்வைசர் அம்மாவின் கெடு திங்கட்கிழமையோடு முடிகிறது. அவருக்கு நான் இன்னும் எந்தப் பதிலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தைய தடவை பாதியில் போனவர்களும் வந்திருந்தார்கள், முகத்தில் சிரிப்பு இல்லாமல். டிவியை அணைத்தேன். என் வீட்டுக்காரரின் போனில் வைஃபையை அணைக்கச் சொன்னேன், அவர் கேள்வி கேட்காமல் அணைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். கருநீலத் துணி, கூரான சாக். கழுத்து, தோள், மார்பளவு எல்லாம் வரைந்து முடித்துக் கைக்குழிக்கு வந்தேன். சாக்கை வைத்து வளைவை ஆரம்பித்தேன். போனில் யாரும் பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் கேட்டேன்.

"கோடு தெரியுதாம்மா?"

தாராவிப் பெண்ணின் குரல் வந்தது. "நல்லா தெரியுதுக்கா. ஒங்க கை நடுங்கறதும் தெரியுது."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கதவோரம் நின்றவர்கூடக் கவனிக்காததை எங்கெங்கோ உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி வெட்கமாக இருந்தது. மறு நொடி, இதுவும் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சிரிப்பு வந்தது.

"பயமா இருக்கு, அதான் நடுங்குது" என்றேன். "இதுக்கு முன்னாடி நான் இவ்ளோ பேருக்கு முழுசாச் சொல்லிக் குடுத்ததில்ல. கைய விடுங்க, கோடு ஒழுங்கா இருக்கா பாருங்க."

"இருக்குக்கா" என்றது ஒரு குரல். "அப்பிடியே மெதுவா வரைங்க, நாங்களும் கூடவே வரையறோம்" என்றது இன்னொன்று. நான் சாக்கைத் திரும்பவும் துணியில் வைத்தேன். போனுக்குள்ளிருந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும், துணியில் சாக் உரசும் சத்தம் கேட்டது.